பானெட்டுக்குள் நீ எழுதிவைத்த நாலு வரி

பரங்கிப்பேட்டை மண்ணுக்குள் படுத்திருக்கும் என் அன்புள்ள மச்சான் காதருக்கு,

தனகோடி எழுதுகிறேன். ஆள் வைத்து எழுதவில்லை. என் கை, என் பேனா, என் எழுத்து. எழுந்து உட்கார்ந்து சிரிக்காதே, படுத்தபடியே சிரி.

மேலே 'அன்புள்ள' என்று இருக்கிறது பார், அதை மூன்று தடவை அடித்து எழுதினேன். இரண்டு 'ள' பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முன்னால் நிற்பதற்குப் புள்ளி உண்டு, பின்னால் நிற்பதற்குக் கிடையாது. அறுபத்தாறு வயதில் ஒரு புள்ளி சரியான தலையில் போய் உட்கார்ந்தால் எனக்கு வருகிற சந்தோஷம் உனக்குச் சொன்னால் புரியாது. நீ எட்டாவது வரை படித்தவன்.

ஆனால் சந்தோஷத்தைச் சொல்ல இதை எழுதவில்லை, மச்சான். நீ மாட்டிக்கொடுத்த டர்போ சாகக் கிடந்தது. அதை அந்தக் கதிக்குக் கொண்டுவந்தவன் யார் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நம் டாக்சி ஸ்டாண்டு ஆட்களும் படிக்கட்டும் என்று மூடாத கடிதமாகவே எழுதுகிறேன்.

சுனாமி வந்த மறு வருஷம் அது. என் அம்பாசிடருக்கு வேன் எஞ்சின் ஒன்றை நீ ஏற்கெனவே மாட்டியிருந்தாய். அப்படியும், வெளிநாட்டிலிருந்து வருகிற உங்கள் ஊர்க்காரர்களையும் அவர்கள் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வண்டி முக்கியது. "இரு மச்சான், இதுக்கு மூச்சு பத்தல. மூச்சு குடுக்கறேன்" என்று சொல்லி, நத்தை ஓடு மாதிரி ஒரு இரும்புச் சாமானை எங்கிருந்தோ கொண்டுவந்தாய்.

"இதான்டா டர்போ. வீணாப் போற புகை இந்தப் பக்கத்து விசிறிய சுத்தும். அது சுத்தினா அந்தப் பக்கத்து விசிறி காத்த இழுத்து எஞ்சினுக்கு ஊட்டும். நடுவுல ஒரே கம்பி. அந்தக் கம்பிக்கு உசுரு எண்ணெய்."

பதினோரு நாள் அதோடு மல்லுக்கட்டினாய். கடைசி நாள் மஞ்சள் பெயின்டை எடுத்து, பானெட்டின் உள்பக்கத்தில் நாலு வரி எழுதினாய். "நீ மறந்துடுவே. அதான் எழுதிட்டேன். படிச்சுக்கோ. இத மட்டும் செஞ்சா நம்ம ரெண்டு பேருக்கு அப்புறமும் இது ஓடும்."

நான் கண்ணைச் சுருக்கி இடமிருந்து வலமாகத் தலையை நகர்த்தினேன். படிக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று பார்த்துவைத்திருந்தேன்.

"புரிஞ்சுதா?"

"இதுல புரியாம என்னா? சரியாத்தான் எழுதியிருக்கே."

முப்பது வருஷம் உன்னோடு டீ குடித்தவன், எனக்கு எழுத்து தெரியாது என்பதை உன்னிடம் சொன்னதில்லை. கையெழுத்து மட்டும் படம் வரைகிற மாதிரி வரைவேன். ஊர்ப் பலகையை அதன் நிறத்தையும் பக்கத்து மரத்தையும் வைத்துத் தெரிந்துகொள்வேன். தினமும் டீக்கடையில் பேப்பரை விரித்துவைத்து உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீயே படித்துக் காட்டியிருப்பாய். அந்த ஒரு வார்த்தைக்கு என் வாய் வரவில்லை.

என்ன எழுதியிருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நான் முருகன் பக்தன் என்று உனக்குத் தெரியும். வேறு வண்டிகளிலும் மஞ்சள் பெயின்டில் 'முருகன் துணை' இருக்கும், எனக்குக் காட்டியிருக்கிறார்கள். சரி, காதர் எனக்காக என் சாமி பேரை எழுதியிருக்கிறான், அதுவும் நாலு வரி என்று நெஞ்சு நிறைந்துபோனது. உன்னைக் கேட்டால் நீ கூச்சப்படுவாய் என்று கேட்கவும் இல்லை.

மூன்று மாதத்தில் நீ போய்விட்டாய். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வேட்டி கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தாய் என்றார்கள். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு பானெட்டைத் திறந்து, உன் எழுத்தின் மேல் சந்தனத்தைப் பூசி, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு பெரிய குங்குமப் பொட்டு வைத்தேன். வருஷா வருஷம் வைத்தேன். பொட்டு தடித்துக்கொண்டே போனது.

வண்டி எப்படி ஓடியது தெரியுமா? கெடிலம் பாலத்தில் ஏறும்போது அது விசில் அடித்தால் எனக்கு இருபத்தைந்து வயது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டாண்டுக்குள் வருகிற வேகத்திலேயே சாவியைத் திருப்பி அணைத்து, சத்தமில்லாமல் உருண்டுவந்து என் இடத்தில் நிற்பேன். அது என் ஸ்டைல். பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள். ஐந்து வருஷம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, மச்சான். நீயே கணக்குப் போட்டுப் பார்.

போன வருஷம் அந்த விசில் மாறியது. முதலில் கொஞ்சம் கூர்மையாக, அப்புறம் சங்கு ஊதுகிற மாதிரி. எஞ்சின் எண்ணெய் குறைய ஆரம்பித்தது. ஊற்ற ஊற்றக் குடித்தது. பின்னால் நீலப் புகை. பாலத்தில் ஏறும்போது சைக்கிள்காரன் என்னைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தான்.

ஸ்டாண்டில் செல்வராசுவைத் தெரியுமே, வாய்க்காரன். நான் உள்ளே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏய், எல்லாரும் எழுந்திரிங்க, கொசு மருந்து வண்டி வந்துடுச்சு!" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. அந்த வண்டி நின்றால் எனக்கு வேறு பிழைப்பு ஏது? அதைவிட, நீ கடைசியாகச் செய்த வேலை அது. அது நின்றால் நீ இன்னொரு தடவை போன மாதிரி.

கடலூரில் மூன்று மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒருவன் பானெட்டைத் திறந்ததும் சந்தனத்தையும் குங்குமத்தையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். உன் எழுத்தை ஒருத்தரும் படிக்கவில்லை. சாமி எழுத்தை யார் படிப்பார்கள்?

"என்னா பெருசு இது? பாடி ஒன்னு, எஞ்சின் ஒன்னு, டர்போ ஒன்னு. மூணு ஊட்டு ஆளுங்கள ஒரே பாயில படுக்க வச்சிருக்கீங்க. அத்த கழட்டி எறிஞ்சுட்டு ஒரு பைப்ப மாட்டுங்க."

"கழட்ட மாட்டேன். சரி பண்ணு."

"யார் மாட்டுனது?"

அப்போது நான் சொன்னதைத்தான் இப்போது எழுத முடியாமல் கை நிற்கிறது. எழுதிவிடுகிறேன். "காதர்னு ஒருத்தன் இருந்தான். அவன் அரைகுறையா கட்டிக் குடுத்துட்டுப் போய்ட்டான்" என்றேன். ஒரு தடவை அல்ல. அடுத்த கடையில் சொன்னேன், ஸ்டாண்டில் சொன்னேன், எண்ணெய் வாங்குகிற இடத்தில் சொன்னேன். ஆத்திரத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நீ திரும்பி வந்து பேச மாட்டாய் என்ற தைரியம்.

ஒரு நாள் அதைச் சொல்லும்போது உன் மகள் பின்சீட்டில் இருந்தாள். மறந்துபோனேன்.

சபியா இப்போது சிதம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். கடலூருக்குக் கூட்டம், பயிற்சி என்று வந்தால் என் வண்டியில்தான் வருவாள். அன்றைக்கு இறங்கும்போது, "வாப்பா என்னா மாமா தப்பா பண்ணிட்டாங்க?" என்று கேட்டாள். சண்டை போடுகிற குரல் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள். நான் ஹார்னைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு மறு மாதம் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு காலை அவளை அழைத்துப்போக உங்கள் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஏதோ ரேஷன் விஷயம் போலிருக்கிறது என்று அதற்கு நேர் கீழே படியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினாள், வேர்த்து விறுவிறுத்து.

"மாமா, ஸ்கூலுக்கு வந்துடுங்கன்னு எழுதி ஒட்டியிருந்தேனே, பாக்கல?"

"கண்ணாடி எடுத்தாரல, பாப்பா."

அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் மூக்கின் மேல் கண்ணாடி இருந்தது.

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அவள் பையிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்து, "எங்கிட்ட நாப்பது பேரு இருக்காங்க மாமா. நீங்க நாப்பத்தொன்னு" என்றாள். அன்றிலிருந்து அந்தச் சிலேட்டு என் முன்சீட்டில் சவாரி செய்கிறது. சவாரி இல்லாத நேரத்தில் எழுதினேன், அழித்தேன், எழுதினேன். ஐந்து மாதம். பஸ்ஸின் நெற்றியில் 'சிதம்பரம்' என்று முதல் தடவை படித்த அன்று அந்த பஸ்ஸின் பின்னாலேயே புவனகிரி வரை போய்விட்டேன், சவாரியை மறந்து. கண்ணில் படுகிற எழுத்தை எல்லாம் படித்தேன். பானெட்டுக்குள் இருப்பதை மட்டும் படிக்கவில்லை. அது எனக்கு ஏற்கெனவே தெரியுமே.

இப்போது டர்போ போன அந்தக் காலையைச் சொல்கிறேன். பயிற்சிக்கு வெளியூர் போய் ரயிலில் திரும்பிய சபியாவைக் கடலூர் ரயிலடியில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் கிளம்பினேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் விசில் சட்டென்று நின்றது. அப்பாடா என்று நினைப்பதற்குள் எஞ்சின் தானாக உறும ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். உறுமல் ஏறியது. சாவியைத் திருப்பினேன். ஏறியது. அணைக்கிற கம்பியைப் பிடித்து இழுத்தேன், கம்பி கையோடு வந்தது, உறுமல் நிற்கவில்லை. டாப் கியரில் போட்டு பிரேக்கை அழுத்தினேன். தேய்ந்த க்ளட்ச், கருகல் நாற்றம்தான் வந்தது. கியரை விடுவித்து எப்படியோ ஓரம் கட்டினேன். ரோடு முழுக்க வெள்ளைப் புகை. லாரிகள் தூரத்திலேயே நின்றுவிட்டன.

டர்போவின் நடுவில் இருக்கிற எண்ணெய் கசிந்து எஞ்சினுக்குள் போய், எஞ்சின் டீசலை விட்டுவிட்டு அதைக் குடித்து ஓடியிருக்கிறது. பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இது நிற்காது, வெடிக்கும்.

"மாமா, ஓடி வந்துருங்க! வண்டி போனா போவுது!" தள்ளி நின்று சபியா கத்தினாள்.

எப்படி விட்டுவிட்டு ஓடுவது? பானெட்டைத் திறந்தேன். உள்ளே எஞ்சின் துள்ளிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில் பானெட்டின் உள்பக்கத்துச் சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து என் தலையில் விழுந்தது. நிமிர்ந்தேன். உதிர்ந்த இடத்தில் மஞ்சள் எழுத்து.

படிக்கத் தெரிந்த கண்ணுக்கு ஒரு வியாதி உண்டு, எழுத்தைக் கண்டால் அதனால் சும்மா இருக்க முடியாது. வாய்விட்டுப் படித்தேன். "...சின் அ...டங்...கா...மல் போ...னால்..." ஒரு எழுத்துக்கு ஒரு யுகம். "கா...ற்...று வா...யை மூ...டு."

முருகன் எங்கே மச்சான்? அங்கே முருகன் இல்லை. நீ இருந்தாய்.

காற்று வாய் எது என்று தெரியும், நீ காட்டியிருக்கிறாய். ரப்பர் குழாயைப் பிடித்து இழுத்தேன். போன தடவை பார்த்த மெக்கானிக் சரியாக இறுக்காததால் கையோடு வந்தது. உள்ளே இரும்பு விசிறி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. எதை வைத்து மூடுவது? கடைசி வரியைப் பார்த்தேன். பொட்டுக்குப் பக்கத்தில் இரண்டே சொல். இரண்டும் முதல் வாரத்துப் பாடம்.

'கை வை.'

கையை நீட்டினேன். உள்ளங்கையை அந்தக் காற்று இழுப்பது தெரிந்தது. ஒரு சாண்தான் இருக்கும்.

அப்போதுதான் உன் இடது கை ஞாபகம் வந்தது. ரேடியேட்டர் விசிறியில் பாதி மோதிர விரலைக் கொடுத்த கை. ஓடுகிற எஞ்சின் பக்கம் என் கை போனால் ஸ்பானரால் அடிப்பாயே, "கைய எடுறா, கைய எடு" என்று. நீயா கை வை என்று எழுதுவாய்? எட்டு மாதம் ஊரெல்லாம் உன்னைக் குறை சொன்னவன் நான். அந்த நேரத்தில் மட்டும் உன்மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை. தப்பு எழுதியவன் பக்கம் இருக்காது, படிக்கிறவன் பக்கம்தான் இருக்கும்.

கட்டைவிரலால் குங்குமப் பொட்டை அழுத்தித் தேய்த்தேன். ஐந்து வருஷத்துக் குங்குமம் எண்ணெயோடு வழிந்தது. அதற்கு அடியில் 'பல'.

பலகை வை.

"பலகை! பாப்பா, பலகை!" என்று கத்தினேன். அவளும் எட்டிப் பார்த்துவிட்டாள், வாப்பாவின் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? முன்கதவைத் திறந்து சிலேட்டை எடுத்துக்கொண்டு புகைக்குள் ஓடிவந்தாள். இரண்டு கையாலும் வாங்கி அந்த வாயில் சார்த்தினேன். 'டப்' என்று கவ்வியது. எஞ்சின் இரண்டு குலுக்குக் குலுக்கி, இருமி, நின்றது.

எவ்வளவு அமைதி தெரியுமா! தூரத்தில் ஒரு ஆடு கத்தியது கேட்டது. சிலேட்டில் குறுக்கே ஒரு விரிசல். அதில் காலையில் நான் எழுதியிருந்த 'ழ' அப்படியே இருந்தது.

சபியா முந்தானையால் மேல் இரண்டு வரியையும் துடைத்தாள். அவள் படிக்கவில்லை. "நீங்க படிங்க மாமா" என்றாள். படித்தேன்.

'வண்டி நின்றதும் சாவியைத் திருப்பாதே. இரண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும்.'

அவ்வளவுதான். ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று கேட்காதே.

வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து, சிதம்பரத்தில் ஒரு டீசல் மெக்கானிக்கிடம் போட்டோம். டர்போவைப் பிரித்து அந்தக் கம்பியை விரலால் ஆட்டிக் காட்டினான். ஆடும் பல் மாதிரி ஆடியது. "எண்ணெய் கருகிக் கரியாப் போயிருக்கு பாருங்க. கொதிக்கக் கொதிக்க அணைச்சிருக்கீங்க. அணைச்சா எண்ணெய் நின்னுடும், விசிறி நிக்காது. காஞ்ச கம்பி சுத்தினா என்னா ஆவும்?" என்றான். பிறகு நீ வளைத்த குழாய்களைத் தடவிப் பார்த்து, "மாட்டினவரு கையி சுத்தம். இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டான்.

சபியா பதில் சொல்லட்டும் என்று பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் மச்சான்தான். மவுத்தாயிட்டாரு. அவர் எழுதி வச்சிருந்தாரு. எனக்குத்தான் படிக்கத் தெரியல" என்றேன். அறுபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தை அன்றைக்குத்தான் வாயிலிருந்து வந்தது.

அதையே மறுநாள் ஸ்டாண்டிலும் சொன்னேன், எல்லோரும் இருக்கும்போது. காதர் வேலையில் குறை இல்லை, குறை என்னுடையது என்று. செல்வராசுதான் வாயைத் திறந்தான்.

"அப்ப தினம் டீக்கடையில பேப்பர விரிச்சு வச்சுகிட்டு உக்காந்திருப்பியேண்ணே, அது?"

"படம் பாத்தேன்டா."

"டெண்டர் விளம்பரத்துல என்னாண்ணே படம்?"

சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்குச் சோறு இறங்கியது.

ஒன்று மட்டும் சொல், மச்சான். எனக்கு எழுத்து தெரியாது என்று உனக்குத் தெரியுமா? "வாப்பாவுக்குத் தெரியாம இருக்குமா? தெரியாத மாதிரி இருந்திருப்பாங்க" என்கிறாள் சபியா. தெரிந்துதான் எழுதினாயா? யாரையாவது கேட்டுப் படித்துக்கொள்வான் என்று விட்டாயா? இல்லை, என் நடிப்பை உடைக்க மனசில்லாமல் போனதா? உன் மண்ணுக்குப் போய் நின்று பார்த்தேன். அங்கே எழுத்தே இல்லை, ஒரு கல் மட்டும்தான். உன் எழுத்து என் பானெட்டில்தான் இருக்கிறது.

வண்டி திரும்ப ஓடுகிறது. உள்ளே கம்பியும் விசிறியும் வேறொரு பழைய வண்டியிலிருந்து எடுத்துப் போட்டது. வெளியே இருக்கிற நத்தை ஓடு, குழாய்கள் எல்லாம் நீ மாட்டியவை. "எத்தினி நாளுன்னு கேக்காதீங்க. நாளைக்கே போனாலும் போவும்" என்று சொல்லித்தான் மெக்கானிக் சாவியைக் கொடுத்தான். பாலத்தில் ஏறும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு விசிலைக் கேட்கிறேன். நேற்று கொஞ்சம் கூர்மையாக இருந்த மாதிரி இருந்தது. இன்று இல்லை. நாளைக்கு என்னவோ. முன்சீட்டில் விரிசல் விட்ட சிலேட்டு தயாராக இருக்கிறது.

இப்போதெல்லாம் ஸ்டாண்டுக்குள் அணைத்துவிட்டு உருண்டு வருவதில்லை. நிறுத்துகிறேன், சாவியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு நிமிஷம். அந்த நேரத்தில் சும்மா இருப்பானேன் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு வரி, கை வந்த நாளில் இரண்டு வரி. ஆடியில் தொடங்கியது, தை வந்துவிட்டது. எழுத்து நடுங்குகிறதே என்று பார்க்காதே. வயசால் இல்லை, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு, மச்சான். ஆனால் எழுத்தின் மேல் வைக்க மாட்டேன். பக்கத்தில் வைப்பேன். வைப்பதற்கு முன்னால் நாலு வரியையும் சத்தமாகப் படிப்பேன். என் கையில் இந்த வண்டி இருக்கிற வரை இரண்டு நிமிஷத்தில் ஒரு நொடி குறைக்க மாட்டேன். இது சத்தியம்.

இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. சாவியைத் திருப்புகிறேன்.

உன் மச்சானும்
உன் மகளுக்கு நாற்பத்தொன்றாவது பிள்ளையுமான
தனகோடி
(இந்தத் தடவை வரையவில்லை, எழுதினேன்)